காட்டு நன்னாரி: கொடியைக் கண்டுபிடிப்பது முதல் சர்பத் பாட்டில் வரை

பங்குனி பிறந்ததும் கடைகளில் நன்னாரி சர்பத் பாட்டில்கள் வரிசை கட்டிவிடும். வாங்கும்போது லேபிளைத் திருப்பி ஒருமுறை படித்துப் பாருங்கள். சர்க்கரை இருக்கும், நிறமி இருக்கும், எசென்ஸ் இருக்கும், சிலவற்றில் நன்னாரி வேர் என்ற சொல் கடைசியில் எங்கோ இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. இத்தனைக்கும் இது நம் வரப்பிலும் வேலியிலும் கரட்டுக்காட்டிலும் தானாக முளைக்கிற கொடி. யாரும் விதைப்பதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றுவதும் இல்லை.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எல்லாமே இதைச் சுற்றித்தான் இருக்கும். நன்னாரியின் மணம் வேரின் மேல்தோலில் இருக்கிறது, நடுவில் இருக்கும் கட்டையில் அவ்வளவாக இல்லை. அந்த மணம் சூட்டில் ஆவியாகிப் பறந்துவிடும். அதனால் தோண்டுவது, கழுவுவது, காயவைப்பது, ஊறவைப்பது என்று ஒவ்வொரு இடத்திலும் தோலைக் காப்பாற்றுவதும் சூட்டை அடக்குவதும்தான் வேலை. இந்த இரண்டையும் விட்டுவிட்டு எவ்வளவு நல்ல வேர் வாங்கினாலும் கடைசியில் கிடைப்பது பழுப்புச் சர்க்கரைத் தண்ணீர்தான்.

கொடியை அடையாளம் காண்பது

நன்னாரி மெல்லிய கொடி. கம்பி போல விறைப்பான தண்டு, கருஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த நிறம், கணுக்கள் கொஞ்சம் தடித்திருக்கும். பக்கத்தில் செடியோ முள்ளோ இருந்தால் பற்றி ஏறும், இல்லாவிட்டால் தரையிலேயே படரும். செம்மண், சரளை கலந்த மண், பாறை இடுக்கு, பழைய உயிர்வேலியின் அடி, பனைமர ஓரம், இங்கெல்லாம் தேடலாம். தண்ணீர் தேங்கும் களிமண் நிலத்தில் தேடுவது வீண்.

இலைதான் புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்பும். ஒரே கொடியில் ஓரிடத்தில் இலை விரல் நீளத்துக்கு ஒடுங்கி ஈர்க்கு போல இருக்கும், இன்னோரிடத்தில் அகன்று முட்டை வடிவில் இருக்கும். இரண்டும் நன்னாரிதான். எதிரெதிராக இரண்டிரண்டு இலைகளாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இலையின் மேல்பக்கம், நடு நரம்பை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு ஓடும். இளம் கொடியின் ஒடுங்கிய இலைகளில் இது பளிச்சென்று தெரியும், முற்றிய அகல இலைகளில் மங்கிவிடும். இலையைக் கிள்ளினால் பால் வரும். பூ மிகச் சிறியது, இலைக் கக்கத்தில் கொத்தாக, வெளியே பச்சையும் உள்ளே கருஊதாவுமாக இருக்கும். குனிந்து பார்த்தால்தான் கண்ணில் படும். காய் மெல்லிசாக, இரண்டு இரண்டாகக் கொம்பு விரித்தது போல நிற்கும், வெடித்தால் உள்ளே பட்டுப் பஞ்சு வைத்த விதைகள் பறக்கும்.

பால் வருகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வேலிப்பருத்தியிலும் பால் வரும், ஆனால் அதன் இலை இதய வடிவில் பூனைமயிரோடு இருக்கும். வேறு சில பால்கொடிகளும் அதே வேலியில் பின்னிக்கொண்டு கிடக்கும். கடைசிச் சோதனை வேர்தான். அடிமண்ணை விரலால் கொஞ்சம் விலக்கி, வேரின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டி முகர்ந்து பாருங்கள். முதலில் ஈரமண் வாசம் வரும், அதைத் தாண்டிக்கொண்டு ஒரு இனிப்பு மணம் ஏறும், வெனிலாவுக்கு நெருங்கிய மணம். அப்படித் தோன்றுவது கற்பனை இல்லை. இந்த வேரின் மணத்துக்கு முக்கியக் காரணமான 2-ஹைட்ராக்சி-4-மீத்தாக்சி பென்சால்டிஹைடும், வெனிலாவின் வெனிலினும் ஒரே அணுக்களை ஒரே எண்ணிக்கையில் கொண்டவை, அணுக்கள் அமைந்திருக்கும் இடம்தான் வேறு. அந்த மணம் வரவில்லையா, அது நன்னாரி இல்லை. விட்டுவிடுங்கள். இலையைக் கசக்கி இந்த மணத்தைத் தேடாதீர்கள், அங்கே கிடைக்காது.

இன்னொரு அடையாளமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. கருப்பும் பழுப்புமாக, இறக்கை ஓரத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த ஒரு பட்டாம்பூச்சியை எல்லா ஊரிலும் பார்த்திருப்பீர்கள். அது முட்டையிடத் தேடும் கொடிகளில் நன்னாரியும் ஒன்று. முதுகில் கருப்புக் கொம்புகள் நீட்டிக்கொண்டு வரிவரியாக ஒரு புழு இலையைத் தின்றுகொண்டிருக்கும், சில நாள் கழித்துப் போனால் இலைக்கு அடியில் கூட்டுப்புழு வெள்ளிப் பாத்திரத்துக்குப் பாலிஷ் போட்டது போலத் தொங்கும். அப்படிக் கூடு தொங்கும் கொடியை அந்தச் சமயத்தில் தொடாமல் அடுத்த கொடிக்குப் போங்கள்.

எப்போது, எப்படித் தோண்டுவது

மழைக்காலத்தில் கொடி தழைத்து ஓடும், அப்போது வேரைத் தொட வேண்டாம். காய் வெடித்து விதை பறந்து, இலைகள் உதிரத் தொடங்கும் தை, மாசியில் தோண்டுவது நல்லது. மண்ணில் கொஞ்சம் ஈரமும் மிச்சமிருக்கும், விதை பரவும் வேலையும் முடிந்திருக்கும். சித்திரையில் செம்மண் இறுகிவிட்டால் கடப்பாரை போட்டாலும் வேர் துண்டு துண்டாகத்தான் வரும்.

வேர் கிளை அதிகம் விடாது, நீளமாக, வளைந்து நெளிந்து கல் இடுக்கில் புகுந்து போகும். அதனால் கொடியைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்தால் தோல் உரிந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், கையில் வருவது வெறும் கட்டை. கொடியின் அடியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் களைக்கொத்தால் பள்ளம் பறித்து, பக்கவாட்டில் மண்ணைத் தளர்த்தி, வேர் ஓடும் திசையிலேயே கையால் மண்ணை விலக்கிக்கொண்டு போங்கள். மெதுவாகத்தான் ஆகும். பென்சில் கனத்துக்கு மேல் இருக்கும் வேர்களை மட்டும் கத்தியால் நறுக்கி எடுங்கள், சன்ன வேர்களை விட்டுவிடுங்கள்.

இங்கே நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு. கொடியும் வேரும் சேரும் தலைப்பகுதியை எடுக்காதீர்கள். ஒரு கொடியில் பாதி வேருக்கு மேல் எடுக்காதீர்கள். பள்ளத்தை மூடி மண்ணை மிதித்துவிடுங்கள். ஓரிடத்தில் பத்துக் கொடி இருந்தால் மூன்று நான்கில் எடுத்தால் போதும். வேருக்காக எடுக்கப்படும் மூலிகைகளின் சிக்கலே இதுதான்: இலை பறித்தால் தழைத்துவிடும், வேரைப் பறித்தால் செடியே போய்விடும். ஊறுகாய்க்குப் பேர்போன மாகாளிக்கிழங்கு மலைகளில் அரிதாகிக்கொண்டே வருவதற்கும் வேரோடு பிடுங்குவதுதான் பெரிய காரணம்.

அப்புறம் இடம். உங்கள் வயல், உங்கள் வேலி என்றால் சரி. அடுத்தவர் நிலமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். காப்புக்காட்டுக்குள் போய் வேர் தோண்டுவது சட்டப்படி குற்றம். காட்டில் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டையே நம்பி வாழும் பழங்குடி மக்களுக்கும் அங்கேயே தலைமுறைகளாக வாழ்பவர்களுக்கும் கொடுத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா போகிற நமக்கு இல்லை.

கடையில் வாங்குபவர்களுக்கு

தோண்ட வழியில்லாதவர்கள் நாட்டுமருந்துக் கடைக்குப் போகலாம். பொடியாக வாங்காதீர்கள், வேராகவே கேளுங்கள். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது, மணமும் சீக்கிரம் போய்விடும்.

நல்ல வேர் சன்னமாக, கரும்பழுப்பாக, தோலில் குறுக்கு வெடிப்புகளோடு இருக்கும். வளைத்தால் தோல் படக்கென்று உடைந்து உள்ளே வெளிறிய கட்டை தெரியும். கட்டின் அடியில் தோல் தூளாகக் கொட்டிக் கிடந்தால் அது பழைய சரக்கு, மணமுள்ள பாகம் பாதி உதிர்ந்துபோய்விட்டது. விரல் கனத்துக்குத் தடித்து, சதைப்பற்றாக, மணம் மூக்கில் அடிக்கிற மாதிரி இருந்தால் அது மாகாளியாக இருக்கலாம். இரண்டிலும் மணம் தரும் பொருள் ஒன்றே என்பதால் இரண்டையும் மாற்றி விற்பது சுலபம். மாகாளி கெட்டது என்று சொல்லவில்லை, தயிரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறிய மாகாளிக்கு ஈடே கிடையாது. ஆனால் நன்னாரி என்று காசு கொடுத்தால் நன்னாரி கிடைக்க வேண்டும். ஆயுர்வேதச் சரக்காக ‘சாரிபா’ என்ற பெயரிலும் இரண்டு மூன்று வேறு கொடிகளின் வேர்கள் சந்தையில் புழங்குகின்றன. அதனால் எந்தப் பெயரில் வாங்கினாலும் ஒரு வேரை எடுத்து நகத்தால் சுரண்டி முகர்ந்துவிட்டு வாங்குங்கள், கடைக்காரர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.

கழுவி, காயவைத்து, இடிப்பது

பச்சை வேரை அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். மண் போக இரண்டு மூன்று தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும். பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், தோல் வந்துவிடும், கைவிரலால் தடவினாலே போதும். நீண்ட நேரம் ஊறவும் விடாதீர்கள். ஈரம் வடிந்ததும் துணி விரித்து நிழலில், காற்றோட்டமாகக் காயவையுங்கள். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், மணமும் சீக்கிரம் போகும். ஒடித்தால் ‘டக்’கென்று சத்தம் வரும்போது காய்ந்துவிட்டது என்று அர்த்தம். விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிக் காற்றுப்புகாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வைத்தால் அடுத்த பருவம் வரை தாங்கும்.

இடிப்பதை அன்றன்றைக்குத் தேவையானதற்கு மட்டும் செய்யுங்கள். உரலில் போட்டு நாலு தட்டுத் தட்டினால் தோல் தனியாகவும் நடுக்கட்டை தனியாகவும் பிரியும். கட்டையை எடுத்துப் போட்டுவிட்டுத் தோலை ஒன்றிரண்டாக இடித்தால் போதும், மாவாக வேண்டாம். மாவானால் வடிகட்டும்போது அடைக்கும், ஊறலும் கலங்கலாக வரும். மிக்சியில் போடுவதானால் விட்டுவிட்டு ஓட்டுங்கள், ஜார் சூடேறக் கூடாது. சன்ன வேர்களில் கட்டையைப் பிரிக்க மெனக்கெட வேண்டாம், அப்படியே இடித்துவிடலாம்.

ஊறல்: எல்லாவற்றுக்கும் அடிப்படை

நிறைய வீடுகளில் வேரைத் தண்ணீரில் போட்டுப் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வைக்கிறார்கள். கஷாயம் என்றாலே சுண்டக் காய்ச்சுவது என்று பழகிவிட்டோம். நன்னாரிக்கு அது ஆகாது. கொதிக்கும்போது வீடு முழுக்க மணக்கிறதே, அந்த மணம் முழுவதும் பாத்திரத்தை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்படிச் செய்யுங்கள். 100 கிராம் இடித்த வேரை மூடி இறுக்கமாக உட்காரும் ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் போடுங்கள். முக்கால் லிட்டர் தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, வேரின் மேல் ஊற்றி உடனே மூடுங்கள். ராத்திரி ஊற்றி வைத்தால் காலையில் எடுத்துவிடலாம். கோடையில் அதற்கு மேல் வெளியில் வைத்தால் புளித்துவிடும். காலையில் திறக்கும்போது தண்ணீர் செந்தேன் நிறத்தில் இருக்கும், கடைச் சர்பத்தின் கருஞ்சிவப்பை எதிர்பார்க்காதீர்கள். வெள்ளைத் துணியில் வடித்துச் சக்கையைப் பிழிந்தால் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். அசையாமல் வைத்து அடியில் படியும் வண்டலை விட்டுவிட்டுத் தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

இது புதுசாக யாரோ கண்டுபிடித்த முறை இல்லை. மத்திய, தென் அமெரிக்கச் சார்சபரில்லா வேருக்கு மாற்றாக நன்னாரியை வெள்ளைக்காரர்கள் கவனிக்கத் தொடங்கி, 1864இல் பிரிட்டிஷ் மருந்து நூலிலேயே சேர்த்தார்கள். அதில் பாகு செய்ய அந்தக் காலத்தில் சொன்ன முறையும் ஏறக்குறைய இதுவே: இடித்த வேரைக் கொதிநீரில் மூடிபோட்டு 4 மணி நேரம் ஊறவை, வடித்துத் தெளியவை, சர்க்கரையை இளஞ்சூட்டில் கரை.

சர்பத்

தெளிந்த ஊறல் அரை லிட்டர், சர்க்கரை 1 கிலோ, எலுமிச்சம்பழம் பாதி. இந்த அளவை மாற்றாதீர்கள், காரணம் இருக்கிறது. சர்க்கரை குறைந்தால் பாகு நீர்த்துச் சில நாளில் நுரைத்துவிடும், கூடினால் அடியில் கற்கண்டாக உறையும்.

அரை லிட்டர் ஊறலில் ஒரு டம்ளருக்கும் குறைவாக, 100 மில்லி போலத் தனியாக எடுத்து மூடி வையுங்கள். மீதி 400 மில்லியில் சர்க்கரையைக் கொட்டி, எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து சிறு தீயில் வையுங்கள். எலுமிச்சை இங்கே புளிப்புக்காக இல்லை, பாகு உறையாமல் இருக்க. கிளறிக்கொண்டே இருந்தால் சர்க்கரை கரையும், மேலே அழுக்கு நுரை வந்தால் கரண்டியால் எடுத்துவிடுங்கள். ஒரு கொதி வந்ததும் அணைத்துவிடலாம், கம்பிப்பதம் எல்லாம் பார்க்க வேண்டியதில்லை. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் எடுத்து வைத்த 100 மில்லி ஊறலைச் சேர்த்துக் கலக்குங்கள். அடுப்பைப் பார்க்காத இந்தக் கடைசிப் பங்குதான் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது மூக்கில் ஏறும் மணத்தைக் கொடுக்கும்.

நிறம் அடர்த்தியாக வேண்டுமென்றால் நாலு ஸ்பூன் சர்க்கரையை இரும்புக் கரண்டியில் செம்பழுப்பாகக் கருக்கி, கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டுக் கரைத்துச் சேருங்கள். சாயம் எதுவும் தேவையில்லை. வெள்ளைச் சர்க்கரை பிடிக்காதவர்கள் பனங்கற்கண்டில் செய்யலாம், அருமையாக இருக்கும். கருப்பட்டியில் செய்தால் கருப்பட்டியின் வாசனை நன்னாரியை மூடிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம், சிலருக்கு அதுதான் பிடிக்கிறது.

ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். குடிக்கும்போது ஒரு டம்ளருக்கு மூன்று ஸ்பூன் பாகு, பாதி எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை உப்பு, பானைத் தண்ணீர். ஊறவைத்த சப்ஜா விதை இருந்தால் ஒரு ஸ்பூன். மதுரைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஜிகர்தண்டாவில் பாலோடும் பாதாம் பிசினோடும் சேர்வது இந்தப் பாகுதான். வீட்டிலும் காய்ச்சி ஆறிய குளிர்ந்த பாலில் இரண்டு ஸ்பூன் விட்டுப் பாருங்கள், எலுமிச்சையைச் சேர்த்துவிடாதீர்கள், பால் திரிந்துவிடும்.

சர்பத்துக்கு வெளியே

மண்பானையில் குடிதண்ணீர் வைப்பவர்கள் ஒரு துண்டு வேரைத் துணியில் முடிந்து உள்ளே போடலாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வேரை எடுத்து அலசிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள், இல்லாவிட்டால் வழுவழுப்பு கட்டும்.

உடல்சூடு, நீர்க்கடுப்பு, வேர்க்குரு, தோல் அரிப்பு, இதற்கெல்லாம் நன்னாரி ஊறலையோ, பாலில் கலந்த வேர்ப்பொடியையோ கொடுப்பது நம் வீட்டு வைத்தியத்தில் நெடுநாள் பழக்கம். சித்த மருத்துவத்தில் குளிர்ச்சி தருவதாகவும் ரத்தத்தைச் சுத்தப்படுத்துவதாகவும் சொல்லப்படும் வேர் இது. ஆயுர்வேதத்தில் சாரிபாத்யாசவம் என்ற மருந்தின் தலைச்சரக்கும் இதுவே. இலங்கையில் சிங்களவர்கள் இதை இரமுசு என்று சொல்லித் தேநீர் போலக் குடிக்கிறார்கள், கூடவே ஒரு துண்டு கருப்பட்டி.

குளியல் பொடி அரைப்பவர்கள் பாசிப்பயறு, ஆவாரம்பூ, கோரைக்கிழங்கு, பூலாங்கிழங்கு, வெட்டிவேர் இவற்றோடு ஒரு பிடி நன்னாரி சேர்ப்பார்கள். சர்பத்துக்குப் பிழிந்த சக்கையையும் வீணாக்காமல் நன்றாகக் காயவைத்து இதில் போட்டுவிடலாம், மணம் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

கவனிக்க வேண்டியவை

நீர்க்கடுப்போடு காய்ச்சலோ, சிறுநீரில் ரத்தமோ, முதுகுவலியோ இருந்தால் சர்பத் குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், அது தொற்றாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். கர்ப்பிணிகளும் தினமும் மாத்திரை சாப்பிடுபவர்களும் ஊறலையோ பொடியையோ மருந்து மாதிரி தினசரி எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இந்தப் பாகு ஆகாது, பனங்கற்கண்டு போட்டாலும் அதுவும் சர்க்கரைதான். அவர்கள் பாகில்லாமல் வெறும் ஊறலில் எலுமிச்சையும் உப்பும் சேர்த்துக் குடிக்கலாம், மணத்துக்கு எந்தக் குறையும் இருக்காது.

வீட்டிலேயே வளர்க்க

காட்டில் எடுப்பதைக் குறைக்க நல்ல வழி இதுதான், மாடியிலும் முடியும். பஞ்சு பறக்கும் முன் முற்றிய காயைப் பறித்துப் புது விதையாக ஊன்றலாம், ஆனால் வேரோடு கூடிய சிறு கன்றோ கணுவுள்ள வேர்த்துண்டோ கிடைத்தால் இன்னும் சுலபம். தண்டுக் குச்சியும் பிடிக்கும், எல்லாக் குச்சியும் தழைக்காது என்பதால் கூடவே சிலவற்றை ஊன்றி வையுங்கள். மழை தொடங்கும் சமயம் பார்த்து நடுங்கள்.

வேர் நீளமாக இறங்கும் என்பதால் அகலத் தொட்டி உதவாது. உயரமான சாக்குப்பையோ குரோபேகோ எடுத்துச் செம்மண், மணல், மட்கிய எரு கலந்து நிரப்புங்கள். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும். பாதி நிழல் விழும் இடம் போதும், ஏற ஒரு குச்சியோ கம்பி வலையோ கொடுத்துவிடுங்கள். அளவாகத் தண்ணீர் விட்டால் போதும், தேங்கினால் வேர் அழுகும். முதல் வருஷம் கொடி மெலிந்து, வளர்கிறதா இல்லையா என்றே சந்தேகமாக இருக்கும், தொந்தரவு செய்யாதீர்கள். ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனதும் தை மாதத்தில் சாக்கின் பக்கத்தைக் கிழித்தால் கடப்பாரையும் வேண்டாம், களைக்கொத்தும் வேண்டாம், தோல் கொஞ்சமும் உரியாமல் வேர் முழுசாகக் கிடைக்கும். தடித்ததை நறுக்கிக்கொண்டு, தலைப்பகுதியை ஒரு சாண் வேரோடு புது மண் நிரப்பிய சாக்கில் திரும்ப நட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.